கட்டிப்போட்ட தாயம்

மாப்பிள்ளை வீட்டிலிருந்து கேள்வி வந்தபோது பியூலா புட்டில் பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். தீக்குச்சியை உரசினாற்போன்ற அந்த ஒலி எழுந்ததும் விடுதி மெஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லோரும் தங்கள் ஃபோனைப் பார்த்தார்கள். தங்களுக்கு இல்லை என்று தெரிந்ததும் மற்றவர்களின் முகங்களைப் பார்த்தார்கள்.

"எனக்குத்தான்," என்றாள் பியூலா. விரலைத் துடைத்துக்கொண்டு திரையைத் திறந்தாள். "தூத்துக்குடிக்காரவ கேட்டுட்டாவ."

"வாசிட்டி," என்றாள் எதிரே இருந்த வடிவு.

"'எபனேசரைத் தவிர வேறு எந்த ஆணோடும் பியூலா காதல் பேச்சுப் பேசியதில்லை.'" பியூலா நிமிர்ந்தாள். "அவரத் தவிரன்னு போட்டிருக்காவ பாரு. வெவரமான குடும்பம்தான்."

"இல்லன்னா நீ மாட்டியிருப்ப. நித்தம் அந்த மனுசன்கூடக் குசுகுசுன்னு என்னத்தத்தான் எழுதுவியோ."

"ஹார்பர்ல இன்னைக்கு எத்தன கப்பல் வந்துச்சுன்னு கேப்பேன். உனக்கு என்ன?"

கேள்விக்குக் கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன. 'நிறுவுகிறேன்', 'மறுக்கிறேன்'. பியூலா முதல் பொத்தானைத் தொட்டாள். ஃபோன் சற்று யோசித்தது. பிறகு பச்சை விளக்கு எரிந்தது. அவளுடைய கடிதம் ஒன்றைக்கூட யாரும் படிக்கவில்லை. ஆனாலும் அவள் சொன்னது உண்மை என்று தூத்துக்குடியில் ஒரு குடும்பம் இப்போது ஐயமில்லாமல் அறிந்துகொண்டது. பியூலா மறுபடியும் பழத்தைப் பிசையத் தொடங்கினாள். வடிவுக்கு நெஞ்சு நிறைந்தது. அந்தப் பச்சை விளக்கில் அவளுக்கும் பங்கு இருந்தது.

வடிவாம்பிகை என்ற தன் பெயரை முழுதாக யாரும் சொல்லிக் கேட்டு அவளுக்கு நாளாயிற்று. கணவாய்க் காற்று ஓயாமல் வீசும் அந்தப் பல்கலைக்கழகத்தில் குறியாக்கவியல் முதுகலை படிக்க வந்தவள். எல்லாரும் வேலைக்காக அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் தேர்ந்தெடுத்தது அண்ணனால். பள்ளி முடிக்கும் வயதில் ஒருநாள் அண்ணன் முருகபூபதி அவள் ஃபோனைப் பிடுங்கி, அடுக்களையில் அம்மாவும் சித்திகளும் இருக்க, அவள் தோழிக்கு எழுதியதை எல்லாம் அவள் குரலிலேயே வாசித்துக் காட்டினான். 'மழை பெய்தால் ஏனென்று தெரியாமல் அழுகை வருகிறது' என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள். சித்திகள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கடிதங்களில் தப்பென்று ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பாள். தப்பே இல்லாத ஒன்றுக்காக உடம்பெல்லாம் கூசியது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு மழை பெய்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை.

முதல் பருவத்தில் அடிப்படைகள் நடத்தினார்கள். பூட்டுவது எளிது, சாவி இல்லாமல் திறப்பது அரிது என்னும்படியான கணக்குகள் உலகில் எவை என்று. இரண்டாம் பருவம் பயன்பாடுகள். அதை நடத்திய பேராசிரியர் செல்வகனி முதல் வகுப்பிலேயே கேட்டார்: "பூட்டுன பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு காட்டாம, இன்னது இல்லைன்னு மட்டும் அடுத்தவன நம்பவைக்க முடியுமா?" முடியும் என்று அவர் கரும்பலகையில் நிறுவிக் காட்டியபோது வடிவு குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டாள். இனிமேல் எந்த அண்ணனும் எந்த ஃபோனையும் பிடுங்க வேண்டியதில்லை.

அன்று அறைக்கு ஓடிவந்து பியூலாவிடம் அதைச் சொன்னாள். பியூலா தாவரவியல் மாணவி. முதல் நாளிலிருந்து அதே அறையில் இருப்பவள்.

"இதெப்படி முடியும்? கோட்டிக்காரி மாதிரிப் பேசாத," என்றாள் பியூலா.

"நீ என்ன சொல்லுவ? ஆத்துத் தண்ணிக்கும் போர் தண்ணிக்கும் ருசி வேற, கண்ண மூடிக்கிட்டுச் சொல்லிருவேன்னு சொல்லுவேல்லா? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீ சும்மா பீத்துதன்னு நெனைக்கேன்."

"நான் பீத்தல. ஆத்துத் தண்ணி நாக்குல உக்காரும்."

"சரி, இப்ப நீ திரும்பிக்க."

பியூலா முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வடிவு இரண்டு தம்ளர்களை எடுத்தாள், இடம் மாற்றினாள், மாற்றாமல் விட்டாள். ஒவ்வொரு முறையும் பியூலா திரும்பி, குடித்துப் பார்த்து, 'மாத்திட்ட', 'மாத்தல' என்று சரியாகச் சொன்னாள். ஒருமுறை இரண்டுமுறை குருட்டாம்போக்கில் சொல்லலாம். வயிறு முட்டக் குடித்து முடிக்கும்வரை ஒருதடவையும் அவள் தப்பவில்லை.

"இப்ப நான் நம்பித்தானே ஆவணும்?" என்றாள் வடிவு. "ஆனா அந்த ருசி என்னன்னு எனக்கு இன்னும் தெரியாது. உன் நாக்குக்குள்ள இருக்கது உன் நாக்குக்குள்ளயே இருக்கு. இதுதான் திறவாச் சான்று."

பியூலா யோசித்தாள். "நான் திரும்பி உக்காந்திருக்கும்போது நீ ஏமாத்திட்டா?"

"ஏமாத்த முடியாது. அதுக்குத்தான் கணக்கு."

வடிவும் அவளோடு படித்த நால்வரும் சேர்ந்து ஒரு வருடத்தில் அந்தக் கணக்கை ஃபோனுக்குள் இறக்கினார்கள். முதலில் எடுத்துக்கொண்டது விடுதிதான். அதற்குமுன் வார்டன் வாரம் ஒருமுறை எல்லாருடைய ஃபோனையும் வாங்கிப் புரட்டுவார். இப்போது பருவத்துக்கு ஒரே ஒரு கேள்வி: 'இந்தப் பருவத்தில் விடுதிக்கு வெளியே தங்கியதில்லை.' தொட்டால் பச்சை. வேறெதையும் வார்டன் பார்க்க முடியாது. பெண்கள் வடிவுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து கேக் வாங்கி வந்து ஊட்டினார்கள். பிறகு வீட்டுக்காரர்கள் வாடகைக்கு வருபவர்களைக் கேட்டார்கள். கடைக்காரர்கள் வேலைக்கு வருபவர்களைக் கேட்டார்கள். வெளியே புரோட்டா தின்றதில்லை என்று நிறுவச் சொல்லி வடிவின் சித்தி சித்தப்பாவைக் கேட்டாள். அவர் மறுத்துவிட்டு இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. பெண்பார்க்கப் போகிறவர்கள் பூ வாங்குவதற்கு முன் கேள்வியை எழுதினார்கள்.

சான்றுகளை எல்லாம் பொதுப்பலகை என்ற ஓரிடத்தில் பெயரோடு வைத்தார்கள். யாரும் பார்க்கலாம், யாராலும் அழிக்க முடியாது. சான்றில் ரகசியம் எதுவும் கசியாது என்பதால் ஒளிக்கத் தேவையில்லை என்பது துறையின் பெருமை. மறுத்தவர்களின் பெயரும் அங்கே ஏறும். ஒருமுறை கேட்ட கேள்வியைத் திரும்ப எடுக்க முடியாது. அன்று பொழுது சாய்வதற்குள் பதில் வராவிட்டால் மறுத்ததாகக் கொள்ளப்படும். கேட்டுவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதைக் காட்டியே மிரட்டுவார்கள் என்று சொல்லி அந்த விதியைச் சேர்த்தவள் வடிவுதான்.

விடுதியில் மரகதம் என்றொரு பெண் மறுத்தாள். இரவுச் சாப்பாட்டுக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வடிவின் வகுப்பில் இந்துஜா என்று ஒருத்தி உண்டு. கணக்கில் புலி, அடுத்த அறையில் இருந்தாள். யாராவது மறுத்தால் அவர்களுடைய பழைய சான்றுகள், அவர்களைக் கேட்டவர்களின் சான்றுகள் என்று பலகையில் தோண்டிக்கொண்டே போவது அவளுக்குப் பொழுதுபோக்கு. "ஒண்ணும் கெடைக்காதுட்டி, நம்ம கணக்கு அவ்வளவு கெட்டி. ஆனாலும் பாக்காம இருக்க முடியல," என்பாள். மரகதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனபோது, அவள் எங்கே தங்கினாள் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் ஆளுக்கொன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

வடிவு அப்போது பியூலாவிடம் சொன்னது அவளுக்கே நினைவிருந்தது. "மறைக்கதுக்கு ஒண்ணும் இல்லன்னா ஏன் பயப்படணும்?"

பியூலா எழுந்துபோய் மேற்குச் சன்னலைச் சாத்தினாள்.

அந்தச் சன்னல் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகாது. விடுதிக்கு மேற்கே பழைய காற்றாலைகள் வரிசையாக நிற்கும். சாயங்கால வெயில் இறங்கும்போது அவற்றின் இறக்கைகளின் நிழல் ஒன்றன்மேல் ஒன்றாக அறைச் சுவரில் ஓடும். வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல். அந்த நேரம் வருமுன் பியூலா சன்னலைச் சாத்திவிடுவாள். வடிவு புழுங்குகிறது என்று திறப்பாள். பியூலா மறுபடி சாத்துவாள். "சவத்த, வர்ற காத்த எதுக்குட்டி மறிக்க?" என்று வடிவு கத்துவாள். கண் கூசுகிறது என்பாள் பியூலா.

மாப்பிள்ளை வீட்டுக் கேள்விக்குப் பச்சை விளக்கு எரிந்த அன்று, வடிவு ஆய்வகத்தில் உட்கார்ந்து பலகையில் பியூலாவின் சான்றைத் தேடி எடுத்தாள். தன் கையால் செய்த பண்டத்தை அடுத்தவர் தட்டில் பார்க்கிற ஆசை. வார்டனுக்குப் பியூலா கொடுத்த சான்றும் அதற்கு மேலேயே இருந்தது. இரண்டும் நீண்ட எண்வரிசைகள். யாருக்கும் எதுவும் புரியாது. வடிவுக்குப் புரிந்தது. இரண்டின் முதல் வரியும் ஒன்றாக இருந்தது.

அவள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். ஒன்றாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு சான்றுக்கும் ஃபோன் தனக்குள் ஒரு தாயம் உருட்டும். விழுந்த எண்ணோடு தன் சாவியைக் கலந்து, கலந்ததை மட்டும் வெளியே கொடுக்கும். தாயம் என்ன விழுந்தது என்று தெரியாதவரை சாவி பத்திரம். ஆனால் இரண்டு சான்றுக்கும் ஒரே தாயம் விழுந்தால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பள்ளிப் பிள்ளைகூடச் சாவியை எடுத்துவிடும். இயல்பாக அப்படி விழ வழியே இல்லை. ஆய்வகத்தில் மட்டும் விழும். சோதனை செய்யும்போது தவறு எங்கே என்று பிடிக்க, ஒரே ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். அதற்காகத் தாயத்தை ஒரே எண்ணில் நிறுத்தி வைப்பார்கள். 'தாயத்தக் கட்டிட்டியா?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். வெளியே கொடுக்குமுன் அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்த்துத்தான் கொடுத்தார்கள், ஊருக்கெல்லாம்.

ஆனால் முதல் சோதனையை அவரவர் அறைத்தோழியின் ஃபோனில் செய்வது அந்த வகுப்பின் வழக்கம். பியூலாவின் ஃபோனில் வடிவு ஏற்றியது சோதனைப் பிரதி. சோதனைப் பிரதிக்குப் புதுப்பிப்புகள் போகாது. வடிவு அதை மறந்தே போனாள்.

உண்மையிலேயே சாவி வெளியே வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது. அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கழித்தாள். ஒரு எண் வந்தது. அது சாவிதானா என்று திறந்து பார்த்தால்தானே தெரியும்? ஒரே ஒரு கடிதம். எல்லாருடைய கடிதங்களும் பூட்டிக் கிடக்கும் பொதுச் சேமிப்புக்குத் தன் ஃபோனிலிருந்து போய், பியூலாவுடையவற்றில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாள். திறந்துகொண்டது. எபனேசர் எழுதியிருந்தான்: 'மேற்குச் சன்னலைச் சாத்திட்டியா?'

இங்கே நிறுத்தியிருக்கலாம். சாவி சரி என்பது தெரிந்துவிட்டது. ஆனால் எங்கோ துறைமுகத்தில் இருக்கும் ஒரு மனிதன் என் அறைச் சன்னலைப் பற்றி ஏன் கேட்கிறான்? வடிவு அடுத்ததைத் திறந்தாள். அதற்கு முந்தையதை. அதற்கும் முந்தையதை.

'காத்தாடி நிழல் சுவத்துல ஓடும்போது கண்ணுக்குள்ள என்னமோ இழுக்கு,' என்று பியூலா எழுதியிருந்தாள். 'சின்னதுல ஸ்கூல்ல வலிப்பு வந்து விழுந்தேன். அப்புறம் ரெண்டு வாட்டி. எங்கம்மையத் தவிர யாருக்கும் தெரியாது. உங்ககிட்டச் சொல்லாமக் கட்டிக்கிட மாட்டேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க.' அவன் உடனே எழுதியிருந்தான்: 'வேண்டாம்னு யாரு சொன்னா? மாத்திரைய மட்டும் விட்டுறாத. எங்க வீட்டுல சொல்லாண்டாம், ஒருக்கிலும் சம்மதிக்க மாட்டாவ. கட்டிக்கிட்டு அப்புறம் நான் சொல்லிக்கிடுதேன். எனக்குத் தெரிஞ்சாப் போதும்லா.'

அதற்குப் பிறகு தினமும் அவன் சன்னலைப் பற்றிக் கேட்டிருந்தான். தினமும் அவள் 'சாத்திட்டேன்' என்று எழுதியிருந்தாள். சில நாட்களில், 'வடிவு திறந்துட்டா, நான் சாத்திட்டேன், பாவம் அவளுக்குப் புழுங்குது.'

வடிவு படிப்பதை நிறுத்தியபோது அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மனசுக்குள் பியூலாவின் குரலிலேயே வாசித்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் போலவே. அவள் திரையை அணைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள்; கையில் ஒன்றுமில்லை.

செல்வகனி மேடம் அறைக்குப் போனாள். மேசைமேல் அழைப்பிதழ்கள் அடுக்கியிருந்தன. அடுத்த வாரம் ஐந்து மாவட்டங்களில் அரசே திறவாச் சான்றைத் தொடங்கிவைக்கப்போகிறது. வடிவு தாயத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தன ஃபோன்?"

"ஒண்ணுதான் மேடம். நான் சோதனைக்கு ஏத்துனது."

அவர் மூச்சு விட்டார். "அப்ப விடு."

"மேடம், அந்த ரெண்டு சான்றும் பலகையில கெடக்கு. யாரு பாத்தாலும்..."

"யாரு பாப்பா? லட்சக்கணக்குல கெடக்கு. நீ தேடிப் போனதால பாத்த. இப்ப நாம பெரிசா அறிவிச்சா என்ன ஆவும்? எந்த ஃபோன்னு எல்லாவனும் தேடுவான். சாயங்காலத்துக்குள்ள அந்தப் பிள்ளையோட கதை ஊரெல்லாம் நாறும். நான் சொல்லுததுல தப்பு இருக்கா?"

தப்பு இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அவகிட்டயாவது சொல்லணும்லா?"

"சொல்லு. என்ன பண்ணுவா? சாவிய மாத்துவா. கல்யாணத்துக்கு முன்னாடி சாவி மாத்துன பொண்ணுன்னு அதுவும் பலகையில ஏறும். பழைய கடிதமெல்லாம் பழைய சாவியிலதான கெடக்கு? கல்யாணம் முடியட்டும். அப்புறம் பைய மாத்திக்கிடச் சொல்லு." அவர் அழைப்பிதழ்களைச் சரிசெய்தார். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "நீ திறந்து பாத்தியா?"

"இல்ல மேடம்."

வாயால் சொன்ன பொய். அதற்கு எந்த விளக்கும் எரியவில்லை. எத்தனை இலேசாக இருக்கிறது என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

அதற்குப் பின் வந்த நாட்களில் வடிவு பியூலாவிடம் வழக்கத்தைவிட அன்பாக இருந்தாள். துணி துவைத்துக் கொடுத்தாள். மெஸ்ஸில் பெரிய மீன்துண்டை அவள் தட்டில் தள்ளினாள். "என்னட்டி, நான் கல்யாணத்துக்குப் போறேனா சாவப்போறேனா?" என்று பியூலா சிரித்தாள். வடிவும் சிரித்தாள். இந்த அன்பு எங்கிருந்து வருகிறது என்று இரவில் யோசித்தாள். இரக்கத்திலிருந்தா? அப்படியென்றால் இரண்டு வருடமாக ஏன் வரவில்லை? திருடிய பொருளைக் கையில் வைத்திருப்பவள் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதைப் போல இருந்தது. பியூலாவைப் பார்க்கும்போதெல்லாம், அவளைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் தனக்கு ஒன்று தெரியும் என்ற எண்ணம் ஒரு மிட்டாய்போல நாக்கின் அடியில் கரைந்தது. அதை ருசிக்கிறோம் என்றும் வடிவுக்குத் தெரிந்தது.

கல்யாண நாள் நெருங்கியது. ஒரு சாயங்காலம் பியூலா தரையில் உட்கார்ந்து, அழைப்பிதழ் உறைகளில் முகவரி எழுதிக்கொண்டிருந்தாள். கவனம் அதிலேயே இருந்தது. வெயில் இறங்கியது. காற்றாலைகளின் முதல் நிழல் சுவரின் ஓரத்தைத் தொட்டது. வடிவு கட்டிலிலிருந்து துள்ளி எழுந்து சன்னலைச் சாத்தி, கொக்கியையும் போட்டாள்.

பேனா நின்றது.

"ஏன் சாத்துன?" என்றாள் பியூலா.

"வெயிலு கண்ணுல அடிச்சுது."

"நீ சன்னலுக்கு முதுகக் காட்டிப் படுத்திருந்த."

வடிவு கொக்கியிலிருந்து கையை எடுத்தாள்.

"ரெண்டு வருசமா இந்தச் சன்னலச் சாத்தக்கூடாதுன்னு எங்கூடச் சண்ட போட்டவ நீ." பியூலாவின் குரல் உயரவில்லை. "இப்ப ஓடிவந்து சாத்துத. கொக்கி வேற போடுத. மீன்துண்டு வைக்க. துணி தொவைக்க."

"பாசத்துல செஞ்சேன், அதுவும் தப்பா?"

"என் ஃபோனத் திறந்தியா?"

"சே, என்னட்டி பேசுத? இல்ல."

பியூலா அவளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு மடியில் கிடந்த ஃபோனை எடுத்து எதையோ எழுதினாள். வடிவின் தலையணைக்கு அடியில் தீக்குச்சி உரசியது.

'வடிவாம்பிகை என் கடிதங்களைத் திறந்ததில்லை.'

"பியூ, வேண்டாம்ட்டி. நான்தான் வாயால சொல்லுதேன்லா."

"வாயால சொன்னாப் போதும்னா நீங்க ஏன் இதச் செஞ்சீய?" என்றாள் பியூலா. "பச்சைய எரிய விடு. நான் உன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கேன்."

"பலகையில ஏறிரும்."

"ஏறட்டும். மறைக்கதுக்கு ஒண்ணும் இல்லன்னா ஏன் பயப்படணும்?"

அவள் திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தம்ளர் விளையாட்டில் உட்கார்ந்ததைப் போலவே.

'நிறுவுகிறேன்' என்பதைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. பொய்க்குச் சான்று உண்டாக்க முடியாது என்பதை முதல் வருடத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கி நிறுவியவள் அவள். 'மறுக்கிறேன்' என்பதைத் தொட்டால் அவள் பெயரும் கேட்டவளின் பெயரும் பலகையில் ஏறும். தொடாமலே இருந்தால் பொழுது சாய்ந்ததும் தானே ஏறும். ஒரு பெண் தன் அறைத்தோழியிடம் இப்படியொன்றைக் கேட்டிருக்கிறாள், அவளும் மறுத்திருக்கிறாள் என்றால் விடுதியில் யார் சும்மா இருப்பார்கள்? இருவருடைய பழைய சான்றுகளையும் எடுத்துப் பார்ப்பார்கள். பியூலாவுடையவை இரண்டே இரண்டு, அடுத்தடுத்து.

சாத்திய சன்னலின் இடுக்கில் வெளிச்சம் சிவந்துகொண்டிருந்தது. வடிவு தரையில் இறங்கி உட்கார்ந்தாள். அந்த முதுகைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். கட்டிப்போட்ட தாயத்தை, மறந்ததை, கழித்ததை, ஒரே ஒரு கடிதம் என்று தொடங்கியதை. சொல்லச் சொல்ல பியூலாவின் தோள்கள் இறுகின.

"எல்லாத்தையுமா?" என்றாள் கடைசியில், திரும்பாமலே.

"ம்."

"அவரு எழுதினதையும்?"

"ம்."

"அவருக்கும் எனக்கும்னு அது ஒண்ணுதாம்ட்டி இருந்துச்சு." அவள் திரும்பினாள். அழுவாள் என்று வடிவு நினைத்தாள். பியூலா அழவில்லை, ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள முயல்பவளைப்போல நெற்றியைச் சுருக்கியிருந்தாள். "அப்ப இது பலகையில ஏறுனா, இந்துஜா மாதிரி ஒருத்தி என்னோடதப் பாப்பா. பாத்தா அவளும் திறந்துருவா. அப்படித்தானே?"

"ஆமா."

"தூத்துக்குடி வரைக்கும் போயிரும்."

"ஆமா."

"அப்ப நான் கேட்டத நான் திரும்ப எடுத்துக்கிடுதேன். எனக்குப் பதிலு வேண்டாம். எங்க அமுக்கணும், காட்டு."

"எடுக்க முடியாது, பியூ."

"நான்தானே கேட்டேன்? எனக்கே வேண்டாம்னா?"

"கேட்டதத் திரும்ப எடுக்க முடியாது."

"எந்தப் பாவி அப்படி வச்சா?"

வடிவு தலையைக் குனிந்தாள். பியூலா அவள் முகத்தைப் பார்த்தாள், பதில் தெரிந்துகொண்டாள். இதற்குச் சான்று தேவைப்படவில்லை.

இருவருக்கும் நடுவில் உறைகள் கிடந்தன. பாதி எழுதிய முகவரி ஒன்றில் மை காய்ந்திருந்தது. பியூலா கையை நீட்டி வடிவின் கையைப் பிடித்தாளா, அல்லது ஃபோனைப் பிடுங்க வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாளா என்று வடிவுக்குத் தெரியவில்லை. அந்தக் கை அவள் மணிக்கட்டின்மேல் குளிர்ந்து கிடந்தது. சன்னல் இடுக்கில் இருந்த சிவப்பு மெலிந்து, சாம்பலாகி, போய்விட்டது.

தாழ்வாரத்தில் எங்கோ ஒரு தீக்குச்சி உரசியது. அப்புறம் இன்னொன்று. மெஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெண்களின் பேச்சு ஒரு கணம் நின்று, வேறு சுருதியில் மறுபடி தொடங்கியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கதவுகள் திறந்தன.

பிறகு சற்று நேரம் ஒன்றுமில்லை. அந்த அமைதியை வடிவு நன்றாக அறிவாள். திரைக்கு முன்னால் ஒருத்தி குனிந்திருக்கும் அமைதி அது.

பக்கத்து அறைச் சுவர் வழியாக இந்துஜாவின் குரல் கேட்டது. அதில் பகையில்லை, கேலிகூட இல்லை. கடினமான கணக்கு ஒன்று சட்டென்று பிடிபட்டவளின் சந்தோஷம் மட்டும் இருந்தது.

"ஏட்டி வடிவு, இங்க ஓடி வாயேன்! பியூலா சான்றுல ஒரு வேடிக்கையப் பாரு. முதல் வரி ரெண்டும் ஒண்ணா இருக்கு."